குளம் ஊறாது

குளத்துக்குள் ஹொக்கி மட்டையை நட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஆளாளுக்கு வந்து, நானும் பிடித்தேன், நானும் அடித்தேன் என்று கதை விடுகிறார்கள். ஒருவரும் பிடிக்கவில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம், இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் நின்று, கல்லால் அடித்து இறக்கியவள் நான். எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்ட்டின் குப்பை அறையில் யாரோ எறிந்துவிட்டுப் போன மட்டை அது. மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, சாணுக்கு ஒன்றாக ஐந்து கோடு போட்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் ஐந்தாவது கோட்டை மூடி நின்றது.

என் பெயர் அன்ரனெற். கனடாவில், மார்க்கம் நகருக்கு வடக்கே ஹார்வி என்ற வெள்ளைக்கார விவசாயி ஒருவர் தன் காணியின் ஒரு மூலையைப் பதினெட்டுத் துண்டாக்கி எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கத்தரி, வெண்டி, மிளகாய், கீரை போடுவோம். வீட்டுக்கு எடுத்தது போக மிச்சம் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளுக்குப் போகும். காணி சரிவானது. மேட்டில் குளம், அதற்கு ஒரு பக்கம் மண் கட்டு. பனி உருகி வருகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதில் தேங்கும். கட்டின் அடியில் முதலாம் துண்டு, கீழே றோட்டோரத்தில் பதினெட்டாம் துண்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நம்பர் எழுதிய ஒரு மரமுளை நிற்கும். என்னுடையது பதினேழு.

அந்தப் பதினேழுக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். கிழமையில் ஐந்து நாள் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பைக்குள் பாண் போடுகிறேன். அங்கே எப்போது கழிவறைக்குப் போகலாம் என்பதைக்கூட இன்னொருத்தி சொல்லுவாள். பதினேழுக்குள் கால் வைத்தால் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. உலகத்திலேயே அப்படி ஓரிடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஹார்வியிடம் இரண்டு சட்டம் உண்டு. தண்ணீர் குளத்திலிருந்து மட்டும்தான் எடுக்கலாம், அவருடைய வீட்டுக் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. இரண்டாவது, செப்டெம்பரில் லேபர் டே விடுமுறை அன்று வந்து பார்ப்பார். எந்த நம்பரில் பச்சை இல்லையோ அந்த நம்பர் காத்திருக்கும் பட்டியலில் முதலில் நிற்கிறவருக்குப் போய்விடும். அந்த வருடம் பட்டியலில் முதலில் நின்றவர் எங்கள் கொமிற்றித் தலைவர் ஜெயரட்ணத்தாரின் சகலன். எனக்குக் கொஞ்சம் கெட்ட மனசு, அதையும் கவனித்து வைத்திருந்தேன்.

ஜெயரட்ணத்தாரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். முதலாம் துண்டு அவருடையது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், வெங்காயத் தோட்டமும் செய்தவர். விடிய வந்து தண்ணீர் மெசினை ஸ்டார்ட் செய்வதில் அவருக்கு ஒரு பெருமை. மெசின் மே மாதத்திலிருந்தே நாள்தோறும் மூன்று மணித்தியாலம் ஓடியது. அவருடைய வெங்காயப் பாத்திகளில் தண்ணீர் கணுக்காலளவு நின்றது. ஜூன் நடுப்பகுதியில் நாலாவது கோடு வெளியே வந்துவிட்டது. மழை என்றால் பெயருக்கு இரண்டு தூறல்தான். நான் போய்ச் சொன்னேன்.

“அண்ணை, தண்ணி ஒரு சாண் இறங்கிட்டுது. மெசினைக் கொஞ்சம் குறைச்சு ஓடுங்கோ.”

“அதுக்கென்ன பிள்ளை, ஊறும்.”

“எங்கையிருந்து ஊறும்? உது குளமெல்லோ.”

“நிலத்துக்குக் கீழை தண்ணி இல்லாமல் இருக்குமே? எங்கட தோட்டத்துக் கிணத்திலை விடிய இறைச்சால் பின்னேரம் பழையபடி வந்து நிக்கும். நாப்பது வருசம் பாத்தனான்.”

“கிணறு வேறை, குளம் வேறை அண்ணை. இது பனி உருகி வந்த தண்ணி. மழை பெய்தாலொழிய ஒரு சொட்டும் கூடாது.”

பக்கத்தில் பொன்னம்பலத்தார் நின்றார். இரண்டாம் துண்டுக்காரர், தலைவருக்கு வலக்கை. முன்பு எங்கள் மன்னாரில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று அவரிடம் கிடந்தது. அதை எடுத்து வீசினார்.

“ஓ, வட்டவிதானையார் வந்திட்டா. வழி விடுங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். வட்டவிதானை என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர். குடையும் மீசையுமாக வரப்பில் நடக்கிற ஆள். எங்கள் அப்பாவின் வயலும் வாய்க்காலின் கடைசியில்தான் இருந்தது. அவர் வட்டவிதானையிடம் போய்க் கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வருகிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தை நான் ஒருநாளும் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று பத்து வயதிலேயே முடிவெடுத்துவிட்டேன். ஆகவே சிரித்தவர்களுக்கு நான் முகத்தைக் காட்டவில்லை. மட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனேன்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு. தண்ணீர் கீழேயிருந்து தானாக வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள். குளத்தை நம்பி விதைத்தவர்களுக்குத்தான் தெரியும், கண்ணுக்கு முன்னால் நிற்பதுதான் முழுக் கையிருப்பு என்று. ஆனால் பதினெட்டுத் துண்டில் குளத்துக்காரி நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் மெசின் சத்தத்தைக் கேட்டுச் சந்தோசமாக இருந்தார்கள்.

ஜூன் முடிய மூன்றாவது கோடு வந்தது. ஜூலை நடுப்பகுதியில் இரண்டாவது. கட்டின் உட்பக்கம் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வாய்க்காலில் விடுகிற தண்ணீர் பத்தாம் துண்டைத் தாண்டவில்லை. பதினெட்டாம் துண்டுக்காரி அருள்நாயகி, நயினாதீவுப் பெண், வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டாள். வீட்டிலிருந்து நாலு லீற்றர் பால் கலன்களில் தண்ணீர் நிரப்பி வான் வண்டியில் கொண்டுவந்து வெண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் மிளகாய்க் கன்றுகள் அப்போதுதான் பூத்திருந்தன. இருநூறு கன்று. பகலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். கருவிகள் வைக்கிற கொட்டிலின் கதவில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. பன்னிரண்டாம் நம்பரிலிருந்து பதினெட்டாம் நம்பர் வரை இந்த வருடம் இனித் தண்ணீர் விடப்படமாட்டாது, ஒத்துழைப்புக்கு நன்றி, கொமிற்றி. கையெழுத்துப் போட்டிருந்த ஆறு பேரும் முதல் ஆறு துண்டுக்காரர்.

அருள்நாயகி கடுதாசிக்கு முன்னால் பால் கலனோடு நின்றாள்.

“அக்கா, அப்ப லேபர் டேக்கு எங்கட நம்பர்?”

“போகும்,” என்றேன். “போக விடுறதோ எண்டதுதான் கேள்வி.”

கொட்டிலுக்குள் போய் ஸ்குரூட்ரைவரை எடுத்தேன். மெசின் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை, ஜெயரட்ணத்தார் அப்பால் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குளத்துக்குள் இறங்கினேன். உறிஞ்சுகிற குழாயின் அடியில் ஒரு புட்வால்வ் இருக்கும். பித்தளையில் செய்தது, மாதுளம்பழம் அளவு. அது குழாய்க்குள் ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் மெசின் தொண்டை கிழியக் கத்தும், தண்ணீர் ஏறாது. குழாயை இழுத்து, கிளிப்பைத் தளர்த்தி, வால்வைக் கழற்றினேன். பூசைக்கு உடுத்திருந்த சேலை முழங்கால்வரை சேறு. மண் கட்டின் மேல் ஏறி, வால்வை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சிறிது நேரத்தில் மெசின் கத்தியது. பிறகு நின்றது. பிறகு திரும்பவும் கத்தியது. ஜெயரட்ணத்தார் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை உது மடியிலை?”

“புட்வால்வ்.”

“இஞ்சை தா.”

“தரமாட்டன்.”

“விளையாடுறியோ? நாளைக்குக் கடையிலை வேறை ஒண்டு வாங்கிப் போடுவன்.”

“வாங்குங்கோ அண்ணை. நாளண்டைக்கு அதையும் கழட்டுவன். கடையிலை உள்ள எல்லாத்தையும் வாங்குங்கோ, நான் எல்லாத்தையும் கழட்டுறன். எனக்கு வேறை வேலை இல்லை.”

வேலை இருந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பாண். ஆனால் அதை அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

ஞாயிறு என்பதால் கிட்டத்தட்ட எல்லாத் துண்டுக்காரரும் வந்திருந்தார்கள். சத்தம் கேட்டு மண்கட்டுக்கு வந்து கூடினார்கள். பொன்னம்பலத்தார் பொலிஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். கூப்பிடுங்கோ, பொலிஸுக்கு நான் மட்டையைக் காட்டுறன் என்றேன். பிறகு ஜெயரட்ணத்தார், அவருக்கு என்று ஒரு கண்ணியம் உண்டு, கையைக் காட்டி எல்லோரையும் அடக்கிவிட்டுக் கேட்டார்.

“சரி, சொல்லு. குளத்திலை இருக்கிறது இவ்வளவுதான். பதினெட்டுத் துண்டுக்கும் விட்டால் பதினெட்டும் சாகும். நான் வேறை என்ன செய்ய?”

“பதினெட்டுத் துண்டுக்கும் விடவேண்டாம். ஆறு துண்டுக்கு மட்டும் விடுங்கோ. ஆனால் அந்த ஆறு துண்டும் பதினெட்டுப் பேருக்கு.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் ஈர மண்ணில் கோடு கீறிக் காட்டினேன்.

“எங்கட பக்கத்திலை கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்திலை தண்ணி காணாதெண்டால் கூட்டம் வைப்பினம். கட்டுக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும்தான் விதைக்கிறது. ஆனால் அது அந்த வயல்காரனுக்கு மட்டுமில்லை. கடைசி வயல்காரனுக்கும் அதிலை பங்கு. அந்த ஒரு போகத்துக்குத்தான். மழை பெய்து குளம் நிரம்பினால் அவரவர் காணி அவரவருக்கு.”

“அப்ப என்ரை துண்டிலை ஆரோ வந்து கொத்துறதோ?” பொன்னம்பலத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. “உது என்ன, கொம்யூனிசமோ?”

“இல்லை அண்ணை. உங்கட துண்டு. எங்கட தண்ணியும். மே மாசம் துவங்கி உங்கட பாத்தியிலை நிண்டது பதினெட்டுப் பேற்றை தண்ணி.”

வழக்கம் என்று சொன்னால், ஏதோ எங்கள் ஊரில் எல்லோரும் மனம் உருகிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று நினைக்கக்கூடாது. அங்கேயும் மேல்வயல்காரர் முறுகத்தான் செய்தார்கள். ஒரு வருடம் என் அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் குளத்துத் துருசுக் கதவில் ஏறி இருந்து, பங்கு தராமல் தண்ணீர் திறக்கவிடமாட்டோம் என்று மத்தியானம்வரை இருந்ததைப் பார்த்தவள் நான். கெஞ்சுகிற முகத்தை அப்பாவிடம் பார்த்தேன் என்றால், மற்ற முகத்தை அம்மாவிடம் பார்த்தேன்.

“கை தூக்குங்கோ,” என்றேன். “பங்குக்குச் சம்மதம் எண்டுறவை.”

கடைசி ஏழு பேரின் கை எழுந்தது. அருள்நாயகியின் கை பால் கலனோடு சேர்ந்தே எழுந்தது. நடுத்துண்டுக்காரர் ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயரட்ணத்தாரோடு ஒரே கோயில், ஒரே கலியாண வீடு, எப்படிக் கை தூக்குவது?

“இண்டைக்குப் பன்னிரண்டிலை வெட்டினவை,” என்றேன் அவர்களிடம். “ஆவணியிலை ஏழிலை வெட்டுவினம். மட்டையைப் பாத்திட்டு யோசியுங்கோ.”

அவர்கள் மட்டையைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக ஐந்து கையும் எழுந்தன. பன்னிரண்டுக்கு ஆறு. ஜெயரட்ணத்தார் வாய்க்குள் எண்ணினார், இரண்டு தரம் எண்ணினார். சங்கக்கடை நடத்தியவர், எண்ணிக்கைக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்.

“வெங்காயம் இன்னும் பத்து நாளிலை கிளப்பலாம்,” என்றார் கடைசியில். “கிளப்பினால் பாத்தி ஒழியும்.”

மற்ற ஐந்து பேரும் சம்மதித்தார்கள். ஒவ்வொரு துண்டையும் மூன்று பங்காக்கி, ஒரு பங்கை நட்டவருக்கே விட்டோம். மற்ற இரண்டிலும் முற்றியதைப் பிடுங்கிக்கொண்டு ஒழித்துத் தரவேண்டும் என்று முடிவானது. யாருக்கு எது என்று அருள்நாயகியின் சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் சீட்டுப் போட்டோம். எனக்கு விழுந்தது முதலாம் துண்டு, ஜெயரட்ணத்தாரின் வெங்காயப் பாத்தி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து என் பதினேழுக்குப் போனேன். மிளகாய்க் கன்றுகள் இன்னும் முழுதாகச் சாகவில்லை, அதுதான் கொடுமை. சிலவற்றில் பிஞ்சு. இனி அவற்றுக்கு ஒரு சொட்டும் இல்லை என்று தீர்ப்பு எழுதியவளே நான்தான். பங்கு கேட்டவள் தன் வயலைக் காயவிடத்தான் வேண்டும், அதுதான் ஒப்பந்தம். நம்பர் முளையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினேன். பிறகு அந்த வரம்பில் குந்தியிருந்து, ஒருவரும் இல்லாததால், நன்றாக அழுதேன். அழுது முடித்து, முளையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி, வெங்காயம் கிளப்பிய பாத்தியின் தலைப்பில் பதினேழை நட்டேன். எனக்குப் பின்னால் அருள்நாயகி பதினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னேரத்துக்குள் பன்னிரண்டு முளையும் மேட்டுக்கு வந்துவிட்டன.

எல்லோரும் கீரைதான் விதைத்தோம். முப்பது நாளில் வெட்டலாம், தண்ணீரும் அதிகம் கேட்காது. ஓகஸ்ட் முழுக்க மெசின் ஒன்றுவிட்ட ஒருநாள், ஒரு மணித்தியாலம். நான் வந்து மட்டையைப் பார்த்து, வால்வைப் பூட்டி, இறைப்பு முடிந்ததும் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். நான் வரமுடியாத நாளில் அருள்நாயகியிடம் கொடுத்துவிடுவேன். பொன்னம்பலத்தார் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அதனால் தோட்டத்தில் கொஞ்சம் அமைதியாகவும் இருந்தது.

லேபர் டே அன்று ஹார்வி வந்தார். கையில் ஒரு பலகையும் கடுதாசியும் பேனாவும். குளத்தில் முதலாவது கோடும் வெளியே தெரிந்தது, அடியில் சேறும் ஒரு தாழித் தண்ணீரும். அவர் மேட்டில் நிற்கவில்லை. நேரே கீழே இறங்கி, காய்ந்து கருகின நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து திரும்பி வந்தார்.

“கீழே எல்லாம் செத்துப்போயிருக்கிறது,” என்றார் ஆங்கிலத்தில். “ஏழிலிருந்து பதினெட்டுவரை. பன்னிரண்டு நம்பரையும் வெட்டவேண்டும்.”

என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். ஆனால் சண்டைக்குப் போதும்.

“நம்பர் இங்கே இருக்கிறது,” என்று பாத்திகளைக் காட்டினேன். “எண்ணிப் பாருங்கள். பதினெட்டு. எல்லாவற்றிலும் பச்சை.”

“நம்பர் நிலத்துக்கு, அம்மா. முளைக்கு இல்லை.”

“நீங்கள் தந்த வாடகைக் கடுதாசியில் குளத்துத் தண்ணீரோடு நிலம் என்று இருக்கிறது. தண்ணீர் எங்கே போனதோ அங்கே நாங்கள் போனோம். தண்ணீர் இல்லாத நிலத்துக்கு நம்பர் வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?”

அவர் ஜெயரட்ணத்தாரின் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே தலைவர். நீங்கள் சொல்லுங்கள்.”

பட்டியலில் முதலில் சகலன். இந்த மனிதர் ஒன்றும் பேசவே வேண்டாம், தோளைக் குலுக்கினால் போதும், என் பதினேழு போய்விடும். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை, பார்த்தேன்.

ஜெயரட்ணத்தார் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

“குளம் வற்றியது என்னுடைய பிழை. நான் அதைக் கிணறு என்று நினைத்துவிட்டேன். இந்தப் பெண் ஜூனிலேயே வந்து சொன்னார், நாங்கள் சிரித்தோம். வெட்டுவதென்றால் முதலாம் நம்பரிலிருந்து தொடங்குங்கள். அது என்னுடையது.”

பொன்னம்பலத்தார் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஹார்வி றோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய சோளம் நின்றது. இடுப்பளவுக்கு மேல் வளராமல், மஞ்சளாக, இலை சுருண்டு. பிறகு திரும்பி எங்கள் கீரைப் பாத்திகளை, முளை முளையாக, விரலை நீட்டி எண்ணினார். பதினெட்டு வந்தது. குளத்துக்குள் நின்ற மட்டையையும் பார்த்துவிட்டு, ஒரு நம்பரையும் வெட்டாமல் பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“அடுத்த வருடம் பம்புக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார்.

ஜெயரட்ணத்தார் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

ஒக்ரோபரில் தோட்டத்தை மூடுகிற நாள், எல்லாவற்றையும் கொட்டிலுக்குள் அடுக்கினோம். ஜெயரட்ணத்தார் வந்து, அவருக்கே உரிய அந்தத் தடித்த குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டார்.

“அன்ரனெற், அந்த வால்வையும் தந்தாயெண்டால் மெசினோடை வைச்சுப் பூட்டிவிடலாம்.”

“தரமாட்டன் அண்ணை.”

“இன்னும் கோவமோ?”

“ஓம். ஆனால் தராதது கோவத்திலை இல்லை. மே மாசம் பனி உருகி முடிய வந்து மட்டையைப் பாப்பன். எத்தினை கோடு மூடியிருக்கெண்டு பாத்து, எத்தினை துண்டு விதைக்கிறதெண்டு பதினெட்டுப் பேரும் இருந்து பேசினாப் பிறகு கொண்டுவருவன்.”

அவர் தலையாட்டினார். பித்தளை வால்வு இப்போது ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், எங்கள் சோபாவுக்குக் கீழே ஒரு பாண் பைக்குள் கிடக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது. நன்றாகக் கொட்டட்டும்.